வாகா

வாகா என்பது மிஞ்சிய துணி, பழைய உடுப்பு, காலிச் சாக்கு ஆகியவற்றை அடுக்கித் தைத்த கனத்த ஆஸ்திரேலியப் போர்வை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, 1930-களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் மிகுதியாகப் புழங்கியது. இதற்கெனத் துணி வாங்கித் தைத்தால் அது வாகா ஆகாது.

சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் ஏறக்குறைய நடுவழியில், மரம்பிட்ஜி ஆற்றங்கரையில் இருக்கும் வாகா வாகா நகரின் பெயரே போர்வைக்கு வந்தது. அவ்வூர் மாவாலைச் சாக்குகளைப் பிரித்துத் தைத்ததால் ஏற்பட்ட பெயர் என்பதே பொருத்தமான விளக்கம். ஊர்ப்பெயர் விரட்ஜுரிப் பழங்குடியினரின் மொழிச் சொல். காகங்கள் மிகுந்த இடம் என்று நெடுங்காலம் பொருள் சொல்லிவந்தார்கள். 2019-இல் நகரமன்றம் காகத்தைக் கைவிட்டு, ஆட்டமும் கொண்டாட்டமும் நிகழும் இடம் என்ற பொருளை ஏற்றது. போர்வைக்கு இரண்டுமே பொருந்தவில்லை.

ஆஸ்திரேலிய ஒட்டுத்துணி வேலையின் தொடக்கக்கால எடுத்துக்காட்டு 'ராஜா' போர்வை. 1841 ஏப்ரலில் இங்கிலாந்தின் வுல்விச்சிலிருந்து புறப்பட்டு ஜூலையில் ஹோபார்ட் சேர்ந்த 'ராஜா' கப்பலில் 180 பெண் கைதிகள் இருந்தனர். சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரை தோற்றுவித்த மகளிர் சங்கம் அவர்களுக்கு ஊசி, நூல், கத்தரிக்கோல், ஆளுக்கு இரண்டு ராத்தல் துண்டுத்துணி கொடுத்தனுப்பியது. கெசையா ஹேட்டர் என்ற இளம்பெண் மேற்பார்வையிட, அவர்களில் சிலர் 2,815 துண்டுகளை இணைத்து மூன்று மீட்டருக்கும் அதிகமான நீள அகலத்தில் தைத்தனர். சங்கத்தாருக்கு நன்றி கூறும் வாசகம் ஓரத்தில் குறுக்குத் தையலில் உள்ளது. தைத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. பின்னர் காணாமல்போன இப்போர்வை 1987-இல் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, 1989-இல் கான்பெராவின் தேசியக் கலைக்கூடத்துக்கு வந்தது. ஹேட்டர் அக்கப்பலின் தலைவரையே மணந்துகொண்டார்.

ஐரோப்பியர் வருமுன்பே தென்கிழக்குப் பழங்குடியினர் போசம் என்ற விலங்கின் தோல்களைக் கங்காரு தசைநாரால் இணைத்து மேலாடை தைத்தார்கள். 1853, 1872 ஆண்டுகளைச் சேர்ந்த இரண்டு மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் உள்ளன. தோல்வேலை ஆதலால் இங்கு விரிக்க வேண்டியதில்லை.

வாகாவை மூன்றாக வகுக்கலாம். சாக்கு வாகா ஆண்களின் கைவேலை. ஆட்டுமயிர் கத்தரிப்போரும் வேலை தேடி மூட்டையுடன் நடந்தோரும் இரண்டு மூன்று சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியும் சணல் கயிறும் கொண்டு இணைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் கோதுமைச் சாக்கில் பெரும்பங்கு கல்கத்தாவிலிருந்து கப்பலேறியது. வங்காளத்துச் சணல்தான் அவர்களுக்குப் படுக்கை. வீட்டு வாகா பெண்களுடையது. நைந்த கம்பளிச் சட்டை, காலுறை, கிழிந்த போர்வை எல்லாவற்றையும் தட்டையாக அடுக்கி, நெட்டிழைத் தையலால் நிறுத்தி, மேலே பூப்போட்ட பருத்தித்துணி உறை போடுவார்கள். உறை கிழிந்தால் அதன்மேல் இன்னொன்று. மூன்றாவது, தையற்கடை மாதிரித்துணிகளால் ஆனது. கோட்டுத்துணி விற்போர் காட்டும் சிறு செவ்வகத் துண்டுகள், பருவம் மாறியதும் வீட்டுக்கு வரும். சாம்பலும் பழுப்பும் கருநீலமும் செங்கல் அடுக்குபோல் அமைந்த இவ்வகையே மூன்றிலும் அழகானது.

வங்காளத்துக் காந்தாப் போர்வையும் இதுபோலப் பழஞ்சேலைகளை அடுக்கி ஓடுதையல் போடுவதுதான். நம் 'கந்தை' அதன் உறவுச்சொல். ஆனால் தமிழில் அதற்கு இழிவு ஒட்டிக்கொண்டது.

ஜீலாங் தேசியக் கம்பளி அருங்காட்சியகத்தில் வாகாக்களைக் காணலாம். மெல்போர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடம் 2016-இல் 1800 முதல் 1950 வரையான ஆஸ்திரேலியப் போர்வைகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது.

இன்று இதே முறையில் கையில்லா மேற்சட்டையும் தைக்கிறார்கள்: துண்டுகளைக் கால் அங்குல ஓரம் விட்டு இணைத்து, பஞ்சுத்தாளும் உள்துணியும் வைத்து அடுக்குத் தையல் போட்ட பிறகே அளவுக்கு வெட்ட வேண்டும், முன்பே வெட்டினால் தையலில் சுருங்கி மார்புக்குப் பற்றாது.