முசலிக் கரையில் ஆற்றுப் பெருக்கும் தோணி வாழ்வும்

மன்னார் மாவட்டத்தின் தென்பால் அமைந்த முசலிப் பகுதியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் முத்தைக் கொண்டு தொடங்கி முத்தோடே முடித்துவிடுகின்றனர். இதற்குக் காரணம் உண்டு. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய துறைகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஐரோப்பியர் குறிப்புக்களுள் மிகப்பல, மாசி முதல் சித்திரை வரையிலான சலாபக் காலத்தில் அங்கு வந்து சென்றோர் எழுதியவை. அம்மாதங்களிற் கடல் குளம்போற் கிடக்கும், வானம் வெளித்திருக்கும், ஆறுகள் மணற்படுகையாக மாறத் தொடங்கியிருக்கும். ஐப்பசி முதல் தை வரை அக்கரையின் நிலை யாது, தோணியை நம்பி வாழ்ந்தோர் அக்காலத்தை எவ்வாறு கடத்தினர் என்னும் வினாக்கள் அக்குறிப்புக்களில் எழுவது அரிது. முசலியின் கடல்வாழ்வுக்கு ஆண்டொழுங்கை வகுத்துக் கொடுத்ததில் முத்தினும் ஆற்றுக்கே பங்கு பெரிது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முனைகின்றது.

முசலியின் வட எல்லையில் அருவியாறும், இடையே கல்லாறும், தெற்கே உப்பாறு எனவும் வழங்கும் மோதரகம் ஆறும் கடலோடு கலக்கின்றன. இவற்றுள் முதன்மையானது அருவியாறு. சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என அழைக்கும் இவ்வாறே பாளி வரலாற்றேடுகள் கூறும் கதம்பநதி என்பது அறிஞர் கருத்து. 164 கிலோமீற்றர் நீளங்கொண்டு, மகாவலிக்கு அடுத்தபடியாக இலங்கையின் இரண்டாவது நெடிய ஆறாக விளங்கும் இது, ரிட்டிகல மலைப்பக்கத்திற் பிறந்து, அனுராதபுரத்தைத் தழுவி, வங்காலைக்கும் அரிப்புக்கும் இடையிற் கடலை அடைகின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் ஆடுமாடுகள் நடந்து கடக்கும் ஆறுதான். எனினும் அதன் நீரேந்து பரப்பு முழுவதிலும் குளங்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளமையால், மழை தொடங்கியவுடன் பெருக்கு வருவதில்லை. குளங்கள் முதலிற் குடிக்கும். நிறைந்தபின் ஒருங்கே உமிழும். ஆதலால் அரிப்பில் வெயில் எறிக்கும் நாளிலும் வெள்ளம் வந்து சேரலாம். மழை அங்கே, வெள்ளம் இங்கே என்னும் இந்நிலையில், வானத்தைப் பார்த்துத் தொழில் செய்யப் பழகிய கடலோடிக்கு வானம் உதவுவதில்லை. நீரின் நிறமும், மிதந்து வரும் சருகும் மரக்கிளையுமே அவனுக்கு முன்னறிவிப்பு. 1957 டிசம்பரில் நாச்சதுவைக் குளம் உடைப்பெடுத்தபோது, மேல்நாட்டுக் குளமொன்றின் கதி கீழ்நாட்டு ஆற்றின் கதியாக மாறும் விதம் நாட்டுக்கே புலப்பட்டது.

தோணிக்காரனுக்கு இப்பெருக்கு விளைக்கும் இடர் எத்தகையது? இதனைச் சிறிது விரிவாக நோக்குதல் தகும். மேற்குக் கரையிற் கடல் பெரிதும் கொந்தளிப்பது வைகாசிக்குப் பின் வீசும் சோழகக் காற்றினால் ஆகும். வாடைக் காலத்திலோ காற்று நிலத்தினின்று கடலை நோக்கி வீசும். புயல் நாட்களை விலக்கிவிட்டால், அக்காலத்தில் முசலித் தோணிக்கு இடர் கடலிலிருந்து வருவதைக் காட்டிலும் நிலத்திலிருந்து வருவதே மிகுதி. கோடையில் மணலால் மூடுண்டும் குறுகியும் கிடக்கும் தொடுவாயைப் பெருக்கு உடைத்துக்கொண்டு வெளியேறுகின்றது. ஆற்றின் ஓட்டமும் வாடைக் காற்றும் ஒரே திசையில் தள்ளுவதால், முகத்துவாரத்தினுள்ளே கட்டப்பட்ட தோணி கயிறறுமாயின் கரையில் மோதுவதில்லை, வெளிக்கடலுக்கே கொண்டுபோகப்படும். அடியோடு பெயர்ந்து வரும் மரங்கள் வேறு. மேலும், நன்னீரின் அடர்த்தி கடல்நீரினும் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு குறைவாதலால், கடலிற் சரியாக மிதந்த பாரத்தோணி பெருக்குநீருட் புகுந்ததும் சற்றே தாழும். சிறிய அளவுதான், ஆயின் முதல் நாள் இருந்த மணற்றிட்டு மறுநாள் இடம்மாறிக் கிடக்கும் ஆற்றுவாயில் அச்சிற்றளவே தோணியைத் தரைதட்ட வைக்கப் போதியது.

இதற்கு மாற்றாக நின்ற முறை எளியது. பெருக்குக் காலத்தில் ஆற்றுவாயைத் துறையாகக் கொள்ளாது, அதற்கு அப்பால் உள்ள திறந்த மணற்கரையில் இறங்குதல். தோணியை நீர்மட்டத்துக்கு மேலே இழுத்தேற்றி வைத்தல். ஆற்றுள் நுழைந்தே ஆகவேண்டுமாயின் கடல் ஏற்றத்தை எதிர்பார்த்திருத்தல். மன்னார்க் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாதலால் அந்த உதவியும் சிறிது நேரத்துக்கே உண்டு. கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியில், ஆண்டுதோறும் மாதக்கணக்கில் நீர் உயர, அதனோடு உயரும் மிதவை வீடுகளில் மக்கள் வாழ்கின்றனர். அங்கே வெள்ளம் ஒரு பருவம். முசலியிலோ அது சில நாள் விருந்தாளி. எனவே இங்கு வெள்ளத்தோடு மிதக்கும் வாழ்வு தோன்றவில்லை, வெள்ளத்துக்கு வழிவிட்டு ஒதுங்கும் வாழ்வே தோன்றியது. கரையில் அமைக்கும் வாடிகளும் கழற்றி மாற்றத்தக்க கிடுகுக் கொட்டில்களாகவே இருந்தமை இதற்கு இயைந்ததாகும்.

எழுத்துச் சான்று மௌனமாயிருக்கும் இடத்தில் ஊர்ப்பெயர்கள் சில பேசுகின்றன. மறிச்சுக்கட்டி என்னும் பெயர் மறித்துக் கட்டியதொன்றை நினைவூட்டுகின்றது. அவ்வூர் மோதரகம் ஆற்றின் முகத்தை அடுத்தது. மோதரகம் என்பதில் ஆற்றுவாயைக் குறிக்கும் மோதர என்னும் சிங்களச் சொல் பொதிந்துள்ளது. அகத்திமுறிப்பிற் காணும் முறிப்பு, வன்னி ஊர்ப்பெயர்கள் பலவற்றிற் போல, முறிந்த அணையைக் குறித்தது எனக் கொள்ள இடமுண்டு. அரிப்பு என்பதை முத்து அரித்தெடுக்கும் தொழிலோடு இயைத்துக் கூறுவர். ஆயின் நீர் மண்ணை அரித்தலையும் அச்சொல் தருகின்றதே! தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு எழுப்பிய மாளிகை இன்று கரையரிப்பினால் இடிந்து கடலோரத்தில் நிற்கக் காண்போர், எப்பொருள் பொருத்தமென்பதைத் தாமே துணியலாம். பெயராய்ச்சியில் மிகையாகத் துணிதல் ஆகாது என்பது உண்மையே. எனினும் ஒரே கரையில் மறித்தல், முறிதல், அரித்தல் எனும் வினைகள் இத்துணை நெருங்கி நிற்பது தற்செயலென ஒதுக்கத்தக்கதன்று.

ஆற்றின் மறுமுகத்தை நன்கு கண்டவர் ரொபேட் நொக்ஸ். 1660இற் கொட்டியாரத்திற் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிபட்ட அவ்வாங்கிலேயர், பத்தொன்பது ஆண்டுகளின் பின் தோழர் ஒருவருடன் அனுராதபுரத்திலிருந்து மல்வத்து ஓயாவின் போக்கைப் பின்பற்றிக் கால்நடையாக நடந்து, 1679 ஒக்டோபர் 18ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அந்நாளைத் தமிழ் மாதத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஐப்பசி மாதம் அது. வாடைமழை வலுத்துக் குளங்கள் நிறைந்திருப்பின், அவரை வழிநடத்திய அதே ஆறு அவரை மறித்த மதிலாகியிருக்கும். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலை விடுதலைக் கதையாகவே படிக்கின்றோம். அருவியாற்றின் பருவம் பற்றிய சான்றாகவும் படித்தல் வேண்டும்.

இனி முத்துக்கு வருவோம். சலாபம் ஏன் மாசிக்குப் பின்னரே கூடிற்று? இரு பருவக் காற்றுக்களுக்கும் இடைப்பட்ட அமைதி முதற்காரணம். குளிகாரனுக்கு அமைதியோடு தெளிவும் தேவை. ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்திற் கிடக்கும் சிப்பியை அவன் கண்ணாற் கண்டே எடுக்கவேண்டும். பெருக்கின் கலங்கல் தெளியும் காலமும் அதுவே. பார்களின் பெயர்களையும் நோக்குக: சேவல்பார், பெரியபார் என்பவற்றோடு மோதரகம்பார் என ஆற்றின் பெயர் தாங்கிய பாரும் உண்டு. நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்றிற் பாய்விரித்துச் சென்று, நண்பகலிற் கடற்காற்றோடு திரும்பும் நூற்றுக்கணக்கான தோணிகளும், கீழக்கரையாரும் அராபியரும் பிறருமாகக் கூடிய பல்லாயிரம் மக்களும், வெறுமணலில் ஒரு நகரத்தையே எழுப்பினர். 1906இல் மறிச்சுக்கட்டியிற் கடமையாற்றிய லியனாட் வூல்வ் அதனை நேரிற் கண்டு எழுதியுள்ளார். அந்நகரம் சித்திரை கழிந்ததும் கலைந்தது. கலையாது எஞ்சியோர், அடுத்த பெருக்கையும் அதற்கடுத்ததையும் கண்டோர், உள்ளூர்த் தமிழரும் முஸ்லிம்களுமே.

அவர்களையும் வரலாறு கலைத்தது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது முசலி முஸ்லிம் ஊர்கள் வெறுமையாயின. மன்னார்த் தீவிலிருந்து பலர் கற்பிட்டிக்குப் படகிற் போயினர். முன்னோர் தோணிகளைக் கரையேற்றி வைத்த பருவத்தில் அவர்கள் குழந்தைகளோடு கடலேறவேண்டியதாயிற்று. 2007இல் அரச படையினர் தென்முசலியைக் கைப்பற்றியபோது அரிப்பு, முள்ளிக்குளம் முதலிய ஊர்களின் தமிழரும் இடம்பெயர்ந்தனர். 2009இன் பின் திரும்பியோருள் இளையவர் பலர் புத்தளத்து முகாம்களிற் பிறந்தவர்கள். எந்த மேட்டில் தோணியை ஏற்றுவது, எந்தத் திட்டு எப்பக்கம் நகரும் என்பன ஏட்டில் எழுதப்பட்ட அறிவல்ல. தந்தையோடு கரையில் நின்று பெறுவது. அத்தொடர்ச்சியில் ஏறத்தாழ இருபது பெருக்குகள் தவறிவிட்டன. ஆற்றோரத் தாழ்நிலங்களில் எழுந்த புதிய வீடுகளைப் பார்க்கும்போது அந்த இருபதின் கணக்கு நினைவுக்கு வருகின்றது.

இக்காலத்தில் அருவியாறு பெருகும்போது நீர்ப்பாசனத் திணைக்களம் எச்சரிக்கை விடுக்கின்றது. வெண்கலச்செட்டிகுளம், மடு, நானாட்டான் ஆகியவற்றோடு முசலியின் பெயரும் அதில் வழக்கமாக இடம்பெறும். மேலே தந்திரிமலையில் நடப்பட்ட அளவுகோல் நீரின் உயரத்தை மீற்றரிற் கூறுகின்றது. அவ்வளவை அரிப்புத் தொடுவாயிற் கிடக்கும் தோணியின் அளவாக மாற்றிச் சொல்லத்தக்க முதியோர் அக்கரையில் இன்னும் சிலர் உளர். அவர்கள் கூறுவதை ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்யும் பணி நம் பல்கலைக்கழக மாணவர் கைக்கு எட்டாததொன்றன்று. அதனை அடுத்த வாடைக்கு முன்னரே தொடங்கலாம்.