தாயின் மனமும் சேயின் மூளையும்

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்று நம்மவர் தொன்றுதொட்டுச் சொல்லி வருகின்றனர். பிள்ளை மந்தமாக வளர்ந்தால் தாயைப் பழிக்கவும் அந்தப் பழமொழி பயன்பட்டதுண்டு. நூல் இற்றது ஏன், குறை பஞ்சிலா, நூற்ற முறையிலா என்று கேட்டோர் மிகச் சிலரே. பள்ளியில் இருக்க வேண்டிய சிறுமியை மணையில் அமர்த்தினர். பதினாறு நிரம்புமுன் தாயாக்கினர். அவள் காரணமின்றி அழுதால் பேய் பிடித்தது என்றனர். வாய்மூடிக் கிடந்தால் அடக்கமானவள் என்றனர். அவள் பெற்ற பிள்ளைக்கு மட்டும் அறிவு சுடர்விட வேண்டும் என்று எதிர்பார்த்தனர்! இந்த முரண்பாட்டின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பெண்ணின் இசைவுக்கு வகுத்த வயது 10. 1889-இல் கல்கத்தாவில், அந்த வயதைச் சற்றே கடந்த புல்மணி என்னும் சிறுமி, வளர்ந்த ஆடவனான கணவனின் வன்செயலால் உயிர்நீத்தாள். வயது பத்தைக் கடந்துவிட்டதால் அவன்மீது பாலியல் குற்றம் சாரவில்லை; ஓராண்டுச் சிறையோடு தப்பினான். அந்தக் கொடுமைக்குப் பின் 1891-இல் வந்த சட்டம் வயதை 12 ஆக்கியது. அதற்கே எத்துணை எதிர்ப்பு! சாத்திரம் சாய்ந்துவிடும் என்றனர் வைதிகர். அயலார் ஆட்சி நம் வழக்கத்தில் தலையிடலாமா என்று சீறினார் திலகர்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பதினாறு வயதுக்குப் பின்னரே பெண்ணுக்கு மணம் என்று தீர்மானித்தது. அதே ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டமோ 14-உடன் நின்றுவிட்டது. மணவயது 18 என்னும் நிலையை எட்ட 1978 வரை காத்திருக்க நேர்ந்தது. சிறுமியின் உடலுக்காகவும் உரிமைக்காகவும் நடந்த அந்த நெடும்போரில், அவள் மடியில் தவழப்போகும் குழவியின் மூளையைப் பற்றிய பேச்சு பெரிதும் எழவில்லை. அதைப் பேசும் அறிவியல் அன்று வளர்ந்திருக்கவில்லை.

இன்று வளர்ந்திருக்கிறது. பிறந்த குழந்தையின் மூளை, இரண்டாண்டு நிறைவதற்குள், முதிர்ந்தோர் மூளையின் அளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. அதற்குப் பால் மட்டும் போதாது. முகம் வேண்டும், குரல் வேண்டும். குழந்தை மழலை பேசினால் தாய் மறுமொழி தருகிறாள். குழந்தை நோக்கினால் அவளும் நோக்குகிறாள். இந்தக் கொடுக்கல் வாங்கலிலேதான் நரம்பிழைகள் ஒன்றோடொன்று பின்னி உறுதி பெறுகின்றன.

அமெரிக்க அறிஞர் எட்வர்டு டிரானிக்கும் அவருடைய குழுவினரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. சிறிது நேரம் முகத்தை அசைக்காமல், சிரிக்காமல், குழந்தையின் எதிரே அமர்ந்திருக்குமாறு தாயிடம் கூறினர். குழந்தை முதலில் அவளைத் தன்பால் இழுக்க முயன்றது. பலமுறை முயன்றும் பயன் இல்லாதபோது முகம் திருப்பிச் சோர்ந்தது. சில நிமிட மௌனத்துக்கே இந்த நிலை என்றால், மாதக்கணக்கில் மனம் இருண்டு கிடக்கும் தாயின் மடியில் வளரும் குழந்தையின் நிலை என்ன?

கோவாவில் நிகழ்ந்த ஆய்வு அதற்கு விடை தந்தது. மருத்துவர் விக்ரம் பட்டேலும் உடன் உழைத்தோரும் 2002-இல் வெளியிட்ட முடிவுப்படி, மகப்பேற்றுக்குப் பின் 6 முதல் 8 வாரங்களில் 23 விழுக்காட்டுத் தாய்மார் மனச்சோர்வு நோயால் வாடினர். வறுமையும் கணவனின் கொடுமையும் இருந்த இடத்தில், பிறந்ததும் பெண்ணாயிற்றே என்ற குறையும் சேர்ந்தபோது சோர்வு மிகுந்தது. மறு ஆண்டு வெளியான தொடராய்வில், அத்தாய்மாரின் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் எடையிலும் அறிவு வளர்ச்சியிலும் பின்தங்கியிருந்தமை புலனாயிற்று. பெண் என்று இகழ்ந்தவன் பிறன். மனம் நொந்தவள் தாய். தண்டனை பெற்றது குழவி!

இளந்தாயின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மனித மூளை இருபது வயதைக் கடந்த பின்னரே முழு முதிர்ச்சி அடைகிறது. தன் மூளையே முதிராத சிறுமியிடம் மற்றொரு மூளையை வளர்க்கும் பொறுப்பைச் சுமத்துகிறோம். கூடவே கல்வியையும் பறிக்கிறோம். பெண்ணின் கல்வி குழந்தையின் உயிரையே காக்கிறது என்பதை, நைஜீரிய நாட்டுச் செய்திகளைக்கொண்டு 1979-இல் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் கால்டுவெல் காட்டினார். படித்த பெண் நோயை விதி என்று விட்டுவிடுவதில்லை, மருத்துவரை நாடுகிறாள், வீட்டில் அவள் சொல்லும் எடுபடுகிறது என்றார் அவர்.

பறித்ததைத் திருப்பித் தரவும் முடியும். ஜமைக்காவில் கருவுற்ற மாணவியைப் பள்ளியிலிருந்து வெளியேற்றி வந்தனர். அவர்களுக்கென 1978-இல் மகளிர் மையம் ஒன்று தோன்றியது. பாடம் கற்பித்தது, ஆறுதல் கூறியது, குழந்தையைக் காப்பகத்தில் பேணியது, மகப்பேற்றுக்குப் பின் மீண்டும் பள்ளிக்கு அனுப்பியது. 2013-இல் அந்நாட்டு அரசே அவ்வாறு திரும்புவதைக் கொள்கையாக ஏற்றது.

மனத்தின் காயத்தையும் ஆற்றலாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டிச் சிற்றூர்களில், ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண்களே பயிற்சி பெற்று, சோர்வுற்ற தாய்மாரின் இல்லம் தேடிச்சென்று உரையாடினர். 2008-இல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அவ்வுதவி பெறாதோரில் 53 விழுக்காட்டினர் இன்னும் சோர்ந்திருந்தனர். பெற்றோரில் 23 விழுக்காட்டினரே. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. பெற்றோர் அவர்களோடு விளையாடும் நேரம் கூடியது. எனினும் குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. இதிலும் நமக்குப் பாடம் உண்டு. ஆறுதல் சொல் மட்டும் வறுமையை ஓட்டாது. வயதும் கல்வியும் உணவும் மனநலமும் ஒருங்கே வேண்டும்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 20 முதல் 24 வயதுள்ள பெண்களுள் 18 நிரம்புமுன் மணமானவர் இந்தியாவில் 23.3 விழுக்காடு, தமிழகத்தில் 12.8 விழுக்காடு. நாட்டை நோக்க நாம் முன்னேறியிருக்கிறோம் என்பது உண்மை. ஆனால், எட்டுப் பெண்களில் ஒருத்திக்கு இழைத்த அநீதியை முன்னேற்றம் என்று பாராட்டி ஓய்வது முறையாகுமா?

சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதனை வீட்டுக்குள் கொண்டு செல்லும் கடமை நம்முடையது. பிள்ளை பெற்றவளைக் காணச் செல்வோர் குழந்தையின் நிறத்தைக் கேட்கின்றனர், எடையைக் கேட்கின்றனர். "உன் மனம் எப்படி இருக்கிறது?" என்று அவளையும் கேட்கப் பழகுவோம். சேலை செம்மையாக வேண்டின் நூலைப் பேண வேண்டும். அந்தப் பணி தொட்டிலருகே தொடங்குவதன்று. சிறுமியின் தோளில் பள்ளிப்பை நிலைத்திருக்கச் செய்வதிலேயே தொடங்குகிறது.