அலகும் ஒதுக்கீடும்: மத்தியப் பல்கலைக்கழகப் பணியிடங்களின் இனச்சுழற்சிக் கணக்கு

மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உதவிப் பேராசிரியர் பணியிடத்துக்கு விண்ணப்பம் கோரும்போது, அந்த இடம் எந்தப் பிரிவினருக்கு உரியது என்பது முன்பே முடிவாகியிருக்கும். அதை முடிவுசெய்வது இனச்சுழற்சிப் பட்டியல். பட்டியலை எந்த அலகை வைத்துப் போடுவது என்பது அலுவலக நுணுக்கமாகத் தோன்றலாம். இடஒதுக்கீட்டின் பயன் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டன. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017இல் துறையே அலகு என்றது. வெவ்வேறு பாடங்களின் ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடுவதில்லை என்பது அதன் முக்கியக் காரணம். மானியக் குழு 2018 மார்ச்சில் அதற்கேற்பச் சுற்றறிக்கை விட்டது. மத்திய அரசின் மேல்முறையீட்டை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பட்டியலில் நான்காம் இடம் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாம் இடம் பட்டியல் சாதியினருக்கு, பதினான்காம் இடம் பழங்குடியினருக்கு. துறைக்கு மூன்று இடங்களாக முப்பது துறைகள் இருப்பதாகக் கொள்வோம். துறை அலகானால் தொடக்க நியமனம் பெறும் 90 பேரில் ஒருவர்கூட ஒதுக்கீட்டில் வரமாட்டார். பல்கலைக்கழகம் அலகானால் மூன்று பிரிவினருக்கும் முறையே ஏறத்தாழ 24, 13, 6 இடங்கள். காலியாகும்போது சுழற்சி நகரும் என்பார்கள். நகரும்தான். ஆனால் மூன்று பேர் கொண்ட துறையில் பதினான்காம் இடத்தை எட்டப் பதினோரு முறை இடம் காலியாக வேண்டும். ஒருவர் முப்பது ஆண்டு பணியாற்றினால் அதற்கு நூறாண்டுக்கு மேலாகும். அத்தனை காலம் காத்திருக்கச் சொல்லும் கணக்கை ஒதுக்கீடு என்று ஏற்க முடியாது.

நாடு தழுவிய போராட்டத்துக்குப் பின் 2019 மார்ச் 7இல் அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நிறைவேறிய மத்தியக் கல்வி நிறுவனங்கள் (ஆசிரியர் பணியிட ஒதுக்கீடு) சட்டம் நிறுவனத்தையே அலகாக்கியது. திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் இதுவே பொருந்தும். மாநிலத்தின் 69 விழுக்காடு ஒதுக்கீடு அங்கே செல்லாது.

அலகு சரியானாலும் நேர்காணல் அறையில் ‘தகுதியானவர் எவருமில்லை’ என்று எழுதி இடத்தைக் காலியாக விடும் வழி திறந்தே இருக்கிறது. அவ்வாறு நிரம்பாத இடங்களைப் பொதுப்பிரிவுக்கு மாற்ற வழிசெய்யும் பகுதி மானியக் குழுவின் வரைவு ஒன்றில் இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்ததும், அப்படி மாற்ற 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது என 2024 ஜனவரியில் கல்வி அமைச்சகம் விளக்கமளித்தது. சட்டத்தின் வலிமைக்கு இது நல்ல சான்று.

ஆசிரியரல்லாப் பணியாளரைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. எழுத்தர், ஆய்வக உதவியாளர் பணியிடங்களில் துறையா நிறுவனமா என்ற வழக்கு இந்த அளவுக்கு எழவில்லை. அங்கே சிக்கல் வேறு. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் கடைநிலைப் பிரிவு ‘சி’ பிரிவோடு இணைந்தது. துப்புரவு, காவல் போன்ற வேலைகள் ஒப்பந்தக்காரர் கைக்குப் போயின. ஒப்பந்தக்காரர் அமர்த்தும் தொழிலாளி பல்கலைக்கழகத்தின் பணியிடக் கணக்கில் வருவதில்லை. பணியிடமே இல்லாதபோது சுழற்சிப் பட்டியலில் எண்ணுவதற்கு ஏதுமில்லை. ஆசிரியர் பணியிடங்களுக்காக வென்றெடுத்த பாதுகாப்பை, வளாகத்தில் நாள்தோறும் நடக்கும் இந்த வேலைகளுக்கும் நீட்டிக்கச் சட்டத்திருத்தம் தேவை.