மக்காவை ஆண்ட கோதுமை
1517இல் சுல்தான் முதலாம் ஸலீம் கெய்ரோவைக் கைப்பற்றியதும், மக்காவின் ஷரீப் பரகாத் தன் இளவயது மகன் அபூ நுமையை அங்கு அனுப்பி உஸ்மானிய ஆட்சியை ஏற்றார். "மக்காவில சண்டையே நடக்கல்லையா சேர்?" எண்டு வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. நடக்கவில்லை. காரணம் வயிறு என்பேன். மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு. அதற்கான தானியம் எகிப்தின் வக்பு நிலங்களில் விளைந்து, சுயெஸிலிருந்து கப்பலேறி ஜித்தாவுக்கு வந்தது. கெய்ரோ யார் கையிலோ, மக்காவின் உணவும் அவர் கையில்.

ஷரீப்களின் பதவியைச் சுல்தான்கள் பறிக்கவில்லை. ஜித்தாவின் சுங்க வருமானத்திலும் அவர்களுக்குப் பாதி கிடைத்தது. இஸ்தான்புலிலிருந்து ஆண்டுதோறும் 'ஸுர்ரா' எனும் பணக்கொடையும் போனது. 'ஹறமைனின் பணியாளர்' என்ற பட்டத்தைச் சுல்தான் சூடலாம். தானியக் கப்பல் பிந்தினால் ஹறத்து மக்களுக்குப் பசி. அந்தப் பட்டத்தை வருஷாவருஷம் காப்பாற்றியது கோதுமைதான்.