படைவீரர் மருத்துவ ஒப்பந்தங்கள்: சவ்வாது மலை வட்டாரம்

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் (இ.சி.எச்.எஸ்.) 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் நாடெங்கும் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இயங்குகின்றன. மேல்சிகிச்சை தேவைப்படுவோர் பொதுவாகப் பரிந்துரைச் சீட்டுடன் ராணுவ மருத்துவமனைக்கோ, ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் மருத்துவமனைக்கோ அனுப்பப்படுகிறார்கள். சவ்வாது மலையை அடுத்த வேலூர் வட்டாரம் படைக்கு ஆள் அனுப்புவதில் பேர்போனது. கணியம்பாடி அருகேயுள்ள கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கொருவர் ராணுவத்துக்குப் போகும் ஊர் என அறியப்படுகிறது.

தனியார் மருத்துவமனைகளைச் சேர்ப்பதில் ஏலப்போட்டி இல்லை. தர ஆய்வில் தேறி, மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் (சி.ஜி.எச்.எஸ்.) கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளும் எந்த மருத்துவமனையும் சேரலாம். கதவு எல்லோருக்கும் திறந்திருப்பதால் இது நியாயமான முறைதான். சிக்கல் உள்ளே நுழைந்த பிறகு தொடங்குகிறது. 2014-இல் வந்த கட்டணங்களில் பெரும்பாலானவை 2025 அக்டோபர் வரை பெரிதாகத் திருத்தப்படவில்லை. பில் பணமும் எளிதில் கைக்கு வராது. டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை முடிவுகள், இதயத்தில் பொருத்திய ஸ்டென்ட்டின் உறையிலிருந்த ஸ்டிக்கர் வரை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் கேள்வி எழும், தொகை நிற்கும். இத்திட்டம் பற்றிய 2015-ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை பணம் தருவதில் தாமதத்தையும், சில மருத்துவமனைகள் கூடுதலாகப் பில் போட்டதையும் சேர்த்தே சுட்டியது. நிலுவையைப் பெரிய மருத்துவமனை தாங்கும்; சிறு நகரத்து நர்சிங் ஹோம் தாங்காது. விதி ஒன்றே ஆனாலும் சுமை ஒன்றல்ல. சவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கி வரும் முதியவருக்கு அந்த நர்சிங் ஹோம்தான் பக்கம்.

மருத்துவமனைச் சேர்ப்பில் ஏலம் இல்லாவிட்டாலும், மருந்து, கருவி போன்றவை டெண்டரில்தான் வாங்கப்படுகின்றன. அத்தகைய கொள்முதல்களுக்கு மத்திய அரசில் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே அடிப்படை. 2012-இல் மக்களவையில் வைக்கப்பட்ட பொதுக் கொள்முதல் மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதன்படி, பாதிக்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளியாளர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். மத்தியக் கொள்முதலில் நீதிமன்றப் படியேறினால், 1994-ஆம் ஆண்டு டாடா செல்லுலார் தீர்ப்பின்படி முடிவெடுத்த முறையை மட்டுமே நீதிமன்றம் ஆராயும்.

அமெரிக்கப் படையினரின் ட்ரைகேர் காப்பீட்டில் நிலைமை வேறு. 2022 டிசம்பரில் மேற்கு மண்டல ஒப்பந்தம் ட்ரைவெஸ்ட் நிறுவனத்துக்குப் போனபோது, அதுவரை நடத்திவந்த ஹெல்த் நெட் நிறுவனம் அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகத்தில் முறையிட்டது. முறையீடு தள்ளுபடியாகி, புதிய ஒப்பந்தம் 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தோற்றவருக்கும் காரணம் எழுத்தில் கிடைத்தது. வேலூர்ப் பக்கத்துச் சிறு மருத்துவமனைக்கும், பில்லில் தொகை பிடித்தம் செய்யப்படும் ஒவ்வொரு முறையும், காரணத்தை எழுத்தில் பெறும் அதே உரிமை வேண்டும்.