முணுமுணுப்பின் சரித்திரம்

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் உத்தியோகஸ்தர் ஒருவரோடு ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தால் போதும். மூன்று குறைகள் அவர் வாயிலிருந்து வந்துவிடும். "நான் பார்க்கும் வேலை இன்னதென்று வீட்டிலும் தெரியவில்லை, மேலதிகாரிக்கும் தெரியவில்லை" என்பது முதற் குறை. "எழுதியது ஒரு நாள், அதில் பிழை தேடியது ஒன்பது நாள்" என்பது இரண்டாவது. "வேலை முடியவில்லை என்றால் இன்னும் நாலு பேரைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே என் பொழுது போய்விடுகிறது" என்பது மூன்றாவது.

கேட்கிறவர்கள், "கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு இது வேறா?" என்று தள்ளிவிடுவதுண்டு. அப்படித் தள்ளுவது நியாயமன்று. இந்த மூன்று குறைகளுக்கும் வம்சாவளி உண்டு. கம்ப்யூட்டர் பிறந்த வீட்டிலேயே, அதனுடன் கூடப் பிறந்தவை அவை. அந்தத் தொழிலின் சரித்திரத்தை யந்திரங்களின் வரிசையாகச் சொல்லாமல் முணுமுணுப்புகளின் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முணுமுணுப்பை யாராவது மதித்துக் கேட்டபோதெல்லாம் அந்தத் தொழில் ஓர் அடி முன்னே வைத்திருக்கிறது.

முதற் குறையை எடுத்துக்கொள்வோம். 1945-ம் வருஷம், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில், பென்சில்வேனியா சர்வகலாசாலையில் 'எனியாக்' என்ற யந்திரம் உருவாகிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 18,000 வால்வுகள் கொண்ட ராட்சஸ யந்திரம். பீரங்கியை எந்தக் கோணத்தில் சாய்த்துச் சுட்டால் குண்டு எங்கே போய் விழும் என்ற கணக்கை ராணுவத்துக்குப் போட்டுக் கொடுப்பதற்காக ஏற்பட்டது. அந்த யந்திரத்துக்கு வேலை சொல்லிக் கொடுக்க ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்பவை அவர்கள் பெயர்கள். ராணுவ ரகசியமாகையால் ஆரம்பத்தில் அவர்களுக்கு யந்திரம் இருந்த அறைக்குள் நுழையவே அனுமதி இல்லை. யந்திரத்தின் வரைபடங்களைக் கையில் கொடுத்து, "பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். பாட புஸ்தகம் இல்லை, வாத்தியார் இல்லை. எந்தக் கம்பியை எங்கே செருக வேண்டும், எந்த விசையை எப்படித் திருப்ப வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் தாங்களே கண்டுபிடித்தார்கள்.

1946-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி யந்திரத்தை ஊரறியக் காட்டினார்கள். குண்டு பறந்து போய் விழுகிற நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் அதன் பாதையை யந்திரம் கணக்கிட்டு முடித்தது. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்தக் கணக்கை யந்திரத்துக்கு ஏற்பாடு செய்து வைத்தவர்கள் ஜென்னிங்ஸும் ஸ்னைடரும். அன்று இரவு பெரிய விருந்து நடந்தது. அதற்கு அந்தப் பெண்களுக்கு அழைப்பு இல்லை! ராணுவப் பதிவேட்டில் அவர்கள் வேலைக்குக் கொடுத்திருந்த அந்தஸ்தும் நிபுணர்களுக்குக் கீழ்ப்பட்டதுதான். யந்திரத்தைக் கட்டுவதே பெரிய வித்தை, அதற்கு வேலை சொல்வது குமாஸ்தா வேலை என்பது அக்காலத்து எண்ணம்.

பத்து வருஷம் கழித்தும் நிலைமை வெகுவாக மாறிவிடவில்லை. ஹாலந்து தேசத்தில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற வாலிபர் ஆம்ஸ்டர்டாம் கணித நிலையத்தில் 1952 முதல் புரோகிராமராக வேலை பார்த்து வந்தார். 1957-ல் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று நம் ஊரில் பெண் வீட்டார் கேட்பார்கள். அங்கே நகரசபையாரே கேட்டு விவாகப் பதிவில் எழுதிக்கொண்டார்கள். இவர் 'புரோகிராமர்' என்றார். "அப்படி ஒரு தொழிலே கிடையாதே!" என்று ஆட்சேபித்தார்கள். கடைசியில், படித்த படிப்பை வைத்துப் 'பௌதிக சாஸ்திரி' என்று பதிவாயிற்று. 1972-ல் கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய பரிசான டூரிங் பரிசை அவர் பெற்றபோது, பரிசுரையில் இந்தக் கதையை அவரே சொல்லிச் சிரிக்க வைத்தார். சிரிப்புக்கு உள்ளே வலி இருந்தது. பெயர் இல்லாத தொழிலுக்குப் படிப்பும் இல்லை, ஒழுங்கும் இல்லை என்பதே அவருடைய மனக்குறை. புரோகிராம் எழுதுவதைக் கணிதத்துக்கு நிகரான அறிவுத் துறையாக்குவதில் அவர் தம் ஆயுளைச் செலவிட்டார்.

இரண்டாவது குறை இங்கிலாந்தில் ஒரு மாடிப்படியில் பிறந்தது. கேம்பிரிட்ஜ் கணிதச் சாலையில் மாரிஸ் வில்க்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் கட்டிய 'எட்ஸாக்' யந்திரம் 1949-ம் வருஷம் மே 6-ந் தேதி முதன்முதலாக ஓடியது. காகித நாடாவில் துளைகள் போட்டு, அதை யந்திரத்துக்குள் செலுத்தினால் கட்டளைகள் உள்ளே போகும். யந்திரம் மேல் மாடியில் இருந்தது. துளை போடும் கருவி ஒரு மாடி கீழே. ஆகவே பிழை கண்டால் கீழே இறங்கித் திருத்தி, மறுபடியும் மேலே ஏற வேண்டும். அந்த ஜூன் மாதம் வில்க்ஸ், ஏய்ரி என்ற வான சாஸ்திரியின் பெயரால் வழங்கும் சமன்பாடு ஒன்றுக்கு விடை காணப் புரோகிராம் எழுதினார். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தபோது படி திரும்பும் இடத்தில் திடீரென்று அவருக்கு ஞானோதயம் ஆயிற்று. இனித் தம் வாழ்நாளில் பெரும் பகுதி, தாம் எழுதியதில் தாமே பிழை தேடுவதில்தான் கழியப் போகிறது! 1985-ல் வெளிவந்த தம் நினைவுகளில் அவர் இதை எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அந்தப் பழைய நாடா அகப்பட்டது. ஆராய்ச்சியாளர் எடுத்துப் பார்த்தார். 126 வரிகள், ஏறக்குறைய இருபது பிழைகள். யந்திரத்தைக் கட்டிய மகா மேதைக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

வில்க்ஸ் சலித்துக்கொண்டு படுத்துவிடவில்லை. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதிதாக அண்டா அடிப்பார் உண்டோ? ஊர்ப் பொதுவில் இருக்கும் பாத்திரங்களை எடுத்துக்கொள்கிறோம். அதுபோல், ஒரு முறை எழுதிச் சோதித்துத் தேறிய சிறு சிறு புரோகிராம்களை அலமாரியில் சேர்த்து வைத்து, வேண்டியவர் எடுத்துக் கோத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அவரும் டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோரும் வளர்த்தார்கள். 1951-ல் மூவரும் சேர்ந்து அதைப் புஸ்தகமாகவும் வெளியிட்டார்கள். இன்று உலகமெங்கும் புரோகிராமர்கள் பிறர் எழுதி வைத்ததை எடுத்து ஆளும் வழக்கத்துக்கு அது ராஜபாட்டை போட்டுக் கொடுத்தது.

மூன்றாவது குறைதான் மிகவும் செலவு வைத்தது. 1964-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி ஐ.பி.எம். கம்பெனி 'சிஸ்டம்/360' என்ற கம்ப்யூட்டர் குடும்பத்தை அறிவித்தது. யந்திரங்கள் தயாராகிவிட்டன, அவற்றை நடத்த வேண்டிய பெரும் புரோகிராம் மட்டும் பிந்திக்கொண்டே போயிற்று. பொறுப்பேற்றிருந்தவர் பிரெட் புரூக்ஸ். ஆட்களைச் சேர்த்தார்கள், உச்ச கட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். 1963 முதல் 1966 வரையில் அதற்குச் செலவான உழைப்பைச் சுமார் 5,000 ஆள்-வருஷம் என்று புரூக்ஸ் மதிப்பிட்டிருக்கிறார். அப்படியும் அது குறித்த காலத்தில் வரவில்லை. வந்தபோது பிழைகளோடு வந்தது.

தேர் வடம் பிடிக்க ஆள் சேரச் சேரத் தேர் நகரும். புரோகிராம் தேர் அன்று. ஒரே நாவலைப் பத்துப் பேர் ஆளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதுவதைப் போன்றது அது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒருவர் சாகடித்த கிழவரை ஐந்தாம் அத்தியாயத்தில் இன்னொருவர் காப்பி குடிக்க வைத்துவிடக் கூடாதல்லவா? அதற்காக ஒருவரை ஒருவர் ஓயாமல் கலந்துகொள்ள வேண்டும். மூன்று பேர் இருந்தால் மூன்று ஜோடிப் பேச்சு. பத்துப் பேருக்கு 45. ஐம்பது பேருக்கு 1,225! கதை எழுத நேரம் ஏது?

இந்தத் தொல்லை ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை. 1968-ம் வருஷம் அக்டோபர் 7 முதல் 11 வரை ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மகாநாடு கூடியது. பதினொரு தேசங்களிலிருந்து ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். டைக்ஸ்ட்ராவும் வந்திருந்தார். பெரிய புரோகிராம்கள் காலத்தில் முடிவதில்லை, சொன்ன செலவில் அடங்குவதில்லை, முடிந்த பிறகும் நம்பத்தக்கவையாக இருப்பதில்லை என்று அங்கே மனம் விட்டுப் பேசினார்கள். அறைக்குள் ஒலித்துக்கொண்டிருந்த முணுமுணுப்பு அன்று சபை ஏறியது. 'சாப்ட்வேர் எஞ்சினீயரிங்' என்ற பெயர் உலகில் பரவியதும் அந்த மகாநாட்டினால்தான்.

புரூக்ஸ் இதற்குள் கம்பெனியை விட்டு, வட கரோலினா சர்வகலாசாலைக்குப் போய்விட்டார். பிரிந்து வரும்போது கம்பெனித் தலைவர் தாமஸ் வாட்ஸன், "யந்திரம் செய்வதை நிர்வகிப்பதைவிடப் புரோகிராம் எழுதுவதை நிர்வகிப்பது ஏன் கஷ்டமாக இருக்கிறது?" என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டாராம். அதற்குப் பதிலாக 1975-ல் புரூக்ஸ் ஒரு புஸ்தகமே எழுதினார். ஆளையும் மாதத்தையும் பெருக்கி வேலையை அளப்பது வெறும் கட்டுக்கதை என்பது அதன் சாரம். பிந்திவிட்ட வேலைக்கு ஆள் கூட்டினால் தாமதம்தான் கூடும் என்று அவர் கண்ட முடிவு இன்று அவர் பெயராலேயே விதியாக வழங்குகிறது. அந்தப் புஸ்தகத்தின் பெருமை ஒரு விஷயத்தில் இருக்கிறது. மேலதிகாரியாக இருந்தவர், கீழே இருந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததே சரி என்று தம் பெயரைப் போட்டு எழுதிக் கொடுத்தார். அது எந்த ஆபீஸிலும் எளிதில் நடக்கிற காரியமா?

இன்று தொழிலுக்குப் பெயர் வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையிலும் பெருமையாகப் போடுகிறார்கள். எனியாக் பெண்கள் அறுவருக்கும் 1997-ல், ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, கௌரவம் செய்தார்கள். இரண்டாவது குறை மட்டும் தீரவில்லை. யந்திரமே புரோகிராம் எழுதித் தரும் காலம் வந்திருக்கிறது. ஆனால் தாம் எழுதியதில் பிழை தேடியவர், இப்போது யந்திரம் எழுதியதிலும் சேர்த்துத் தேடுகிறார். மூன்றாவது குறையோ, புரூக்ஸின் புஸ்தகத்தை அலமாரியில் வைத்திருக்கும் ஆபீஸ்களிலும் நடமாடுகிறது.

ஆகவே, அடுத்த முறை ஒரு புரோகிராமர் உங்களிடம் முணுமுணுத்தால், "சம்பளம் வருகிறதல்லவா?" என்று வாயை அடைக்காதீர்கள். "எங்கே தடங்கல்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்களுக்கு முழுவதும் விளங்காமல் போகலாம். பாதகமில்லை. ஆயிரம் பேரைச் சேர்த்தவர்களும் அந்த ஒரு கேள்வியை முதலில் கேட்டிருந்தால் நிறைய மிச்சமாகியிருக்கும்.