கட்டிலருகே ஆளில்லாத தேசம்: பிலிப்பைன்ஸ் தாதியரின் கதை

மத்திய கிழக்குக்குத் தொழிலுக்குப் போய்வந்த நம்மவர்களிடம் அங்குள்ள வைத்தியசாலைகளைப் பற்றி விசாரித்தால், பிலிப்பைன்ஸ் தாதியரைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் விடமாட்டார்கள். ரியாதிலும் ஜித்தாவிலும் குவைத்திலும் கட்டிலருகே நின்று ஊசி போட்டவர்கள் பெரும்பாலும் அந்த நாட்டுப் பெண்கள்தான். லண்டனிலும் நியூயோர்க்கிலும் இதே காட்சிதான். அந்நாட்டிலிருந்து பணிப்பெண்களும் போகிறார்கள். ஆயினும் தாதியர் என்றால் உலகம் முதலில் நினைப்பது பிலிப்பைன்ஸைத்தான். வறுமையால் போகிறார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் பாதி உண்மை மறைந்துபோகும். வறிய நாடுகள் பல உள்ளன. ஆனால், ஏற்றுமதிக்கென்றே தாதியரை உருவாக்கும் நாடாக ஒன்று மாறியதற்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1898 இல் ஸ்பானியா தோற்றபோது அமெரிக்கா 20 மில்லியன் டொலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸைப் பெற்றுக்கொண்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1906 இல், இலோய்லோ நகரில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய வைத்தியசாலையில் நாட்டின் முதல் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. 1909 இல் அங்கிருந்து பயிற்சி முடித்து வெளியேறியவர்கள் மூன்று பெண்கள் மட்டுமே. அவர்கள் படித்தது ஆங்கிலத்தில், அமெரிக்கப் பாடத்திட்டத்தில். அன்று அது அந்த மக்களுக்குச் செய்த உபகாரமாகவே பேசப்பட்டது. ஓரளவுக்கு உபகாரமும்தான். ஆனால், அப்படிப் பயின்ற தாதி ஒருத்தி எந்த அமெரிக்க வைத்தியசாலையிலும் மறுநாளே வேலையைத் தொடங்கக்கூடியவளாக இருந்தாள் என்பதை மறந்துவிடலாகாது.

அந்தத் தகைமைக்கு வாசலைத் திறந்துவிட்டது 1948 இல் அமெரிக்கா ஆரம்பித்த பரிமாற்றப் பார்வையாளர் திட்டம். வெளிநாட்டவர் அமெரிக்கா வந்து பயின்று, இரண்டு ஆண்டுகளில் நாடு திரும்பி, கற்றதைத் தம் மக்களுக்கு வழங்க வேண்டும் என்பது ஏட்டில் இருந்த நோக்கம். நடந்தது வேறு. இரவுப் பணிக்கும் யாரும் விரும்பாத வாட்டுகளுக்கும் ஆள் தேடிய வைத்தியசாலைகள், "பயிலுநர்" என்ற பெயரில் வந்த முழுத்தகுதியுள்ள தாதியருக்கு உதவித்தொகை மட்டும் கொடுத்து வேலை வாங்கின. 1956 முதல் 1969 வரை 11,000க்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் தாதியர் இவ்வழியே சென்றார்கள். திரும்பி வந்தவர்களுக்குச் சொந்த நாட்டுச் சம்பளம் அற்பமாகத் தெரிந்தது. 1965 இல் அமெரிக்கா குடிவரவுச் சட்டத்தைத் திருத்தித் தொழில்வல்லுநருக்கு முன்னுரிமை கொடுத்தபோது, இரண்டு ஆண்டுப் பயணம் நிரந்தரக் குடியேற்றமாக மாறியது.

அதுவரை தனித்தனிப் பெண்களின் முடிவாக இருந்ததை மார்க்கோஸ் அரசு கொள்கையாக்கியது. 1972 இல் இராணுவச் சட்டம், 1974 இல் புதிய தொழிற்சட்டம். எண்ணெய்ப் பணத்தில் வளைகுடா நாடுகள் வைத்தியசாலைகளைக் கட்டத் தொடங்கிய காலம் அது. 1982 இல் வெளிநாட்டில் உழைப்போர் தம் வருமானத்தில் பாதிக்குக் குறையாத பங்கை வங்கிகள் ஊடாக நாட்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்று உத்தரவே பிறந்தது. மார்க்கோஸ் வீழ்ந்தார், கொள்கை வீழவில்லை. 1988 இல் கொரசோன் அக்கினோ வெளிநாட்டு உழைப்பாளரைப் "புதிய வீரர்கள்" என்று வாழ்த்தினார். அந்நியச் செலாவணி கொண்டுவருபவருக்கு அரசு சூட்டும் மாலை இது. நமக்கும் இந்த மாலை புதிதல்ல.

2000த்தை அடுத்த ஆண்டுகளில் நடந்ததுதான் விசித்திரம். தாதியர் கல்லூரிகள் நானூறைத் தாண்டிப் பெருகின. வைத்தியர்கள் தாதியர் படிப்புக்குத் திரும்பினார்கள். 2004 இல் வைத்தியர் தகைமைப் பரீட்சையில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற இளைஞர், தாதியாக அமெரிக்கா செல்லப்போவதாக அறிவித்தார். அவர் முஸ்லிம்கள் செறிந்து வாழும் தெற்கேயுள்ள பசிலான் தீவைச் சேர்ந்தவர். அவரைத் துரோகி என்று திட்டியவர்கள் பலர். தூற்றுவது இலகு, பசிலானில் ஓர் இளம் வைத்தியருக்கு என்ன காத்திருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. 2006 இல் தாதியர் பரீட்சை வினாத்தாள் வெளியானது. அந்த ஆண்டு சித்தியடைந்தவர்கள் சில பாடங்களை மீண்டும் எழுதினால்தான் விசாவுக்கான சான்று கிடைக்கும் என்று அமெரிக்கத் தரப்பு அறிவித்தது. ஒரு நாட்டின் பரீட்சை யாருக்காக நடத்தப்படுகிறது என்பது அன்று வெளிச்சமாயிற்று.

இவ்வளவு தாதியரை உருவாக்கும் நாட்டில் தாதியருக்குப் பஞ்சம் ஏன்? வெளிநாடுகள் கேட்பது அனுபவம். ஆகவே, சத்திரசிகிச்சைக் கூடத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கைதேர்ந்தவர்களே முதலில் போகிறார்கள். எஞ்சுவது புதியவர்களும் ஓய்வை நெருங்கியவர்களும். 2008 பொருளாதார நெருக்கடியில் அமெரிக்க வாசல் சுருங்கியபோது ஆயிரக்கணக்கான பட்டதாரித் தாதியர் வேலையின்றி நின்றார்கள். அனுபவச் சான்றுக்காகச் சிலர் வைத்தியசாலைகளுக்குத் தாமே பணம் கட்டி ஊதியமில்லாமல் வேலை செய்தார்கள். அதே வேளை கிராமங்களில் ஆளில்லை. 2013 இன் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டளவில் பத்துப் பிரசவங்களில் ஏழுக்கு மேற்பட்டவை பயிற்சி பெற்றவர் கையில் நடந்தன. முஸ்லிம் மின்டானாவோவில் இரண்டே இரண்டு. அங்கே பல தசாப்த யுத்தமும் சேர்ந்துகொண்டது என்பது உண்மைதான். ஆனால் மணிலாவுக்கே வராத தாதி அந்தத் தீவுகளுக்கு எப்படி வருவாள்?

சம்பளம் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். அரசுத் தாதியின் ஆரம்பச் சம்பளத்தை உயர்த்தும் சட்டம் 2002 இல் நிறைவேறியது. அதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 இல்தான் அந்தச் சம்பளம் கைக்கு வந்தது. சட்டம் வந்த ஆண்டில் பிறந்த குழந்தை தாதியர் கல்லூரிக்குப் போகும் வயதை எட்டியிருந்தது.

அதே 2020 இல் கொவிட் வந்தது. அமெரிக்காவில் அவ்வருடம் செப்டம்பர் வரை இறந்த தாதியரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் என்று அந்நாட்டுத் தாதியர் சங்கம் கணக்கிட்டது; அங்குள்ள தாதியரில் அவர்கள் 4 வீதம்தான். மணிலா தாதியர் வெளியேற்றத்தைத் தடுத்தது, பின்னர் ஆண்டுக்கு 5,000 என எல்லை வைத்தது. 2021 பெப்ரவரியில் பிரித்தானியாவும் ஜேர்மனியும் தடுப்பூசி தந்தால் கூடுதலான தாதியரை அனுப்பலாம் என்று தொழில் அமைச்சு பேரம் பேசியது.

2023 இல், அரச வைத்தியசாலைகளில் வெற்றிடமாகக் கிடந்த 4,500 தாதியர் பதவிகளை, தகைமைப் பரீட்சையில் மயிரிழையில் தவறிய பட்டதாரிகளைக் கொண்டு நிரப்பலாம் என்று சுகாதாரச் செயலாளர் யோசனை தெரிவித்தார்.